ஆறாம் நம்பர் டேங்கின் உயரம்

அறுபதாயிரம் லிட்டர் டீசலை என் அண்ணன் சாப்பாட்டு டப்பாவில் திருடிக்கொண்டு போனாராம். சஸ்பெண்ட் கடிதத்தில் டப்பா என்ற சொல் இல்லை, அது நான் சேர்த்துக்கொண்டது. ஆனால் டெர்மினல் வாசலில் போகும்போதும் வரும்போதும் பையைத் திறந்து காட்டிவிட்டு, சைக்கிளில் வீட்டுக்கு வருகிற மனிதர் வேறு எதில்தான் கொண்டுபோவார்? கடிதத்தை எழுதியவர்கள் அதை யோசிக்கவில்லை. யோசிக்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் யோசிக்காமல் இருப்பதைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பது பிறகு தெரிந்தது, அதற்கு வருகிறேன்.

அண்ணன் டிப் எடுப்பவர். குழாய் வழியாக எங்கிருந்தோ வரும் டீசலை எட்டு டேங்குகளில் பிடித்து வைத்து லாரிகளில் ஏற்றி அனுப்புகிற இடம் அந்த டெர்மினல். ஒவ்வொரு டேங்கும் ஆறு மாடி உயரம். அண்ணன் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை சுற்றுப்படியில் ஏறி, உச்சியிலுள்ள சின்ன மூடியைத் திறந்து, நுனியில் பித்தளைக் குண்டு மாட்டிய இரும்பு டேப்பை உள்ளே விடுவார். குண்டு அடித்தகட்டைத் தொட்டதும் விரலில் ஒரு சின்ன அதிர்வு தெரியுமாம். அந்த நேரத்தில் மூடியின் விளிம்பில் டேப் காட்டுவது டேங்கின் முழு உயரம். டேப்பில் நனைந்த அளவு டீசலின் உயரம். இரண்டையும் நோட்டில் எழுத வேண்டும். டீசல் தினமும் ஏறும், இறங்கும். முழு உயரம் மட்டும் மாறவே கூடாது. ஆறாம் நம்பர் டேங்கில் அது 18,370 மில்லிமீட்டர் என்று மூடிக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் கறுப்புப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இருபத்திரண்டு வருஷம் இதைச் செய்தவர். பல வருஷம் கழித்து ஒரு கணக்கெடுப்புக்காக ஆறாம் நம்பர் டேங்கை அடிவரை இறைத்துப் பார்த்தபோது, நோட்டில் இருந்த டீசல் டேங்கில் இல்லை. டேங்கை மறுபடி நிரப்பினார்கள். நோட்டு எழுதியவரை வெளியே அனுப்பினார்கள். நாற்பது நாளுக்குள் விசாரணை, திருட்டு நிரூபணமானால் வேலை போகும், போலீசுக்கும் போகும் என்று கடிதம் சொன்னது.

அதோடு விட்டார்களா? அடுத்த நாள் ஒரு செக்யூரிட்டி மேற்பார்வையாளரும் இரண்டு காவலாளிகளும் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் வீடு டெர்மினலின் பின்சுவருக்கு இரண்டு தெரு தள்ளி. கீழே அண்ணனும் அண்ணியும், மாடி அறையில் நான். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள், பரணில் பார்த்தார்கள், கடைசியில் குளியலறையில் துணி ஊறிக்கொண்டிருந்த நீலப் பக்கெட்டில் மூக்கை வைத்துப் பார்த்தார்கள். மேற்பார்வையாளர் ஒரு தாளில் எழுதினார்: ‘வீட்டில் டீசல் வாடை கண்டறியப்பட்டது.’

அண்ணிக்கு வாய் அதிகம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அன்று அந்த வாய்க்கு நான் கோயில் கட்டியிருப்பேன்.

“ஏன் சார், டீசல் டேங்க்ல வேலை பாக்கறவர் சட்டையில டீசல் வாடை வராம சந்தன வாடையா வரும்? இருபத்திரண்டு வருஷமா அந்தச் சட்டையை நான்தான் துவைக்கறேன். வாடைக்குத் தண்டனைன்னா முதல்ல என்னைப் பிடிச்சுட்டுப் போங்க.”

அண்ணன் மூன்று பேருக்கும் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி போட வந்தவனுக்கு உபசாரம் வேறு.

நான் வேலை பார்ப்பது இப்படிப்பட்ட டெர்மினல்களைக் கண்காணிக்கிற அரசு அலுவலகத்தில். டேங்குகளை ஒழுங்காகச் சோதிக்கிறார்களா என்று பார்ப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. ‘பார்ப்பது’ என்றால் காகிதத்தில் பார்ப்பது. தெருவில் யாராவது என்னை ஆபீசர் என்றால் அண்ணி சிரிப்பார். வீட்டில் பல்பு மாற்றவேண்டும் என்றால்கூட, “ஆபீசரம்மா கிட்ட மனு கொடுங்க, ஒரு மாசத்துல பாத்துச் சொல்வாங்க,” என்பார். அந்தக் கேலியில் இருந்த உண்மை எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சஸ்பெண்டாகி மூன்று வாரம் ஆன ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணி குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். குரலில் வழக்கமான எகத்தாளம் இல்லை.

“இங்க வந்து இதை மோந்து பாரு.”

நீலப் பக்கெட். அப்போதுதான் கிணற்றிலிருந்து மோட்டார் ஏற்றிய தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் வரும், துவைக்க, குளிக்க, கழுவ எல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கிணறுதான். குனிந்தேன். டீசல் வாடை.

“அண்ணன் சட்டையை ஊற வெச்சிருந்தீங்களா?”

“எந்தச் சட்டை? உங்க அண்ணன் வேலைக்குப் போயே மூணு வாரம் ஆச்சு. வீட்டுல இருக்கற அத்தனை துணியையும் ரெண்டு தடவை துவைச்சுட்டேன். பக்கெட்டை வெந்நீர் ஊத்திக் கழுவிட்டேன். வாடை போகல. நானும் இத்தனை நாளா அவரைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்.”

பக்கெட்டை வெயிலில் கொண்டுபோய் வைத்தோம். தண்ணீரின் மேல் மெல்லிசாக வண்ணம் வண்ணமாக ஒரு படலம் மிதந்தது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் கையை ஒருமுறை பார்த்தார். அவருக்கு ஒரு வருஷமாக விரலிடுக்கில் அரிப்பு. சோப்பை மாற்றிப் பார்த்தார், களிம்பு போட்டுப் பார்த்தார், அதற்கும் அண்ணன் சட்டையைத்தான் குற்றம் சொல்லியிருந்தார்.

திருட்டுப் போன டீசல் எங்கே போயிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அது டப்பாவில் போகவில்லை. டேங்கின் அடியிலிருந்து மண்ணுக்குள் இறங்கி, சுவருக்கு அடியில் நடந்து, இரண்டு தெரு தாண்டி, எங்கள் கிணற்றுக்கு வந்திருக்கிறது. ஒருவிதத்தில் அந்த மேற்பார்வையாளர் எழுதியது சரிதான், திருட்டுச் சொத்து எங்கள் வீட்டில்தான் இருந்தது.

அண்ணனை உட்காரவைத்துக் கேட்டேன்.

“ஆறாம் நம்பர் டேங்க்ல முழு உயரம் எப்பவாவது கூட வந்திருக்கா?”

அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வந்திருக்கு.”

“எவ்வளவு?”

“முதல்ல அஞ்சு, எட்டுன்னு இருந்துச்சு. இப்போ நாப்பதுக்கு மேல.”

“நோட்டுல என்ன எழுதினீங்க?”

“பலகையில இருக்கறதை.” தலை நிமிரவில்லை. “முதல் தடவை மேலாளர்கிட்ட சொன்னேம்மா. டேப் பழசாகி நீண்டுருக்கும், பலகை எண்ணையே எழுதுங்கன்னார். புது டேப் கேட்டேன். வந்துச்சு. அதுலயும் அதே கூடுதல்தான். மறுபடி சொன்னேன். பலகை எண்ணை எழுதுங்க, ஆபீசுக்கு அதுதான் வேணும்னார். அப்புறம் அதுவே பழகிடுச்சு. எல்லா டேங்குக்கும் எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க.”

இரும்பு டேப் நாற்பது மில்லிமீட்டர் நீளுமாம். சொன்னவர் பொறியியல் படித்தவர். டேங்கின் அடித்தகடு இறங்கிக்கொண்டே போனது, குண்டு போய்த் தொட்டுச் சொல்லியது, அண்ணனின் விரலுக்குத் தெரிந்தது, நோட்டுக்கு மட்டும் தெரியவில்லை. அடித்தகடு தாழ்ந்ததால் டேப்பில் டீசல் கூடுதலாகவே காட்டியிருக்கிறது. ஒழுகினது அதற்குள் மறைந்துகொண்டது. மொத்தமாக இறைத்தபோதுதான் குட்டு உடைந்தது.

“உங்க ஆபீஸ்ல இதையெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்களா?” என்று அண்ணி கேட்டார்.

“நாளைக்குப் பாக்கறேன்,” என்றேன்.

மறுநாள் ஆறாம் நம்பர் டேங்கின் கோப்பை எடுத்தேன். விதி இதுதான்: பத்து வருஷத்துக்கு ஒருமுறை டேங்கைக் காலி செய்து, உள்ளே இறங்கி, அடித்தகட்டைச் சோதிக்க வேண்டும். ஆறாம் நம்பர் டேங்கைத் திறந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. நடுவில் மூன்று முறை, இரண்டிரண்டு வருஷமாக, அவகாசம் கேட்டிருந்தார்கள். அவகாசம் கேட்டு மனு வந்து முப்பது நாளுக்குள் எங்கள் அலுவலகம் பதில் சொல்லாவிட்டால் கொடுத்ததாக அர்த்தம். நாங்கள் பதில் சொன்னதில்லை. மனுவைப் பார்த்ததற்கு அடையாளமாக ஓரத்தில் ஒரு சுருக்கொப்பம், தேதி, பிறகு அலமாரி. முப்பத்தொன்றாம் நாள் குமாஸ்தா வந்து ‘அனுமதி’ என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வார்.

மூன்றாவது மனுவின் ஓரத்தில் இருந்தது என் சுருக்கொப்பம்.

டேங்க் நன்றாக இருப்பதற்கு ஆதாரமாக அதோடு ஒரு இணைப்பு வைத்திருந்தார்கள். அண்ணனின் கையெழுத்திலிருந்த டிப் நோட்டின் நகல். தினம் இரண்டு முறை, மாதக்கணக்காக, 18,370, 18,370, 18,370. உயிருள்ள மனிதன் கையால் எடுத்த அளவு ஒரு நாளாவது ஒன்று இரண்டு முன்னே பின்னே வராமல் இருக்குமா? வீட்டில் அரிசி அளந்தால்கூட ஒரு பிடி கூடும் குறையும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். நான் பார்த்து, ‘பார்த்தேன்’ என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதினார், நான் கண்ணைத் திறந்துகொண்டு தூங்கினேன். அண்ணனும் தங்கையும் சேர்ந்து அந்த டேங்குக்கு நற்சான்று கொடுத்திருந்தோம்.

மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பார்க்கலாம்’. எதைக் கொண்டுபோனாலும் அவர் சொல்வது அதுதான். தீப்பிடித்தது என்று சொன்னாலும் பார்க்கலாம் என்பார் என்று குமாஸ்தா சொல்வதுண்டு. அவரிடம் போனேன். முழு உயரம் மாறியிருக்கிறது, டேங்க் ஒழுகுகிறது, கிணற்றில் டீசல் என்றேன்.

“உங்களுக்கு யார் சொன்னது?”

“டிப் எடுக்கறவர் என் அண்ணன், சார்.”

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “அப்போ நீங்க இந்தக் கோப்பைத் தொடவே கூடாதே, மேடம்.”

“ரெண்டு வருஷம் முன்னாடி தொட்டேன், சார். அப்போ யாரும் வேண்டாம்னு சொல்லல.”

“அது அனுமதி. இது புகார்.” அவர் அதைச் சொன்னபோது முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. “சரி, விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போடலாம். என் பேர்ல போகட்டும். கேக்கறதுல என்ன வந்துடப் போகுது?”

போட்டோம். டேங்கின் உயரத்தை நேரில் அளந்து, பலகை எண்ணோடு பொருந்துகிறதா என்று தெரிவிக்கவும், பொருந்தாவிட்டால் எடுத்த நடவடிக்கையையும் தெரிவிக்கவும். கடிதம் போன அன்று வீட்டில் அண்ணியிடம் கடிதம் போய்விட்டது என்றேன். என் சுருக்கொப்பத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லலாம், விசாரணை முடியட்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நானும் ஒரு குட்டிப் பார்க்கலாம்தான்.

பத்தாம் நாள் பதில் வந்தது. விசாரணைக்கு நான்கு நாள் பாக்கி. ‘பார்க்கலாம்’ என்னைக் கூப்பிட்டார். சந்தோஷமாக இருந்தார்.

“முடிஞ்சுது, மேடம். குறையை நிவர்த்தி செஞ்சுட்டாங்க.”

கடிதத்தை வாங்கிப் படித்தேன். ‘தங்கள் கடிதத்தின்படி அளந்து பார்த்ததில் உயரத்தில் வேறுபாடு காணப்பட்டது. அது உடனடியாகச் சரிசெய்யப்பட்டது. புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது.’ புகைப்படத்தைப் பார்த்தேன். அதே மூடி, அதே பலகை. பழைய எண்ணை வெள்ளைப் பெயின்டால் அழித்துவிட்டு, அதன் மேல் பளபளவென்று கறுப்பில் எழுதியிருந்தார்கள்: 18,414. ஈரம்கூடக் காயவில்லை. நான்கின் காலிலிருந்து ஒரு சொட்டு கீழே வழிந்திருந்தது.

ஆறு மாடி உயர இரும்பு டேங்கின் அடி நாற்பத்து நான்கு மில்லிமீட்டர் இறங்கிவிட்டது. அதற்கு அவர்கள் செய்த வைத்தியம் பெயின்ட். காய்ச்சல்காரனுக்கு வைத்தியம் பார்க்கச் சொன்னால் தெர்மாமீட்டரைத் திருத்துகிற கூட்டம். அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. இப்படிச் செய்ய அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான். எங்கள் அலுவலகத்திலிருந்து சோதனைக்குப் போகிறவர்கள் எழுதிவருகிற குறைகள் எல்லாம் என்ன? கைப்பிடியில் துரு, பெயின்ட் அடிக்கவும். தீ வாளியில் எழுத்து மங்கல், பெயின்ட் அடிக்கவும். எச்சரிக்கைப் பலகை தெரியவில்லை, பெயின்ட் அடிக்கவும். அவர்களும் அடித்து, படம் எடுத்து அனுப்புவார்கள், நாங்களும் கோப்பை மூடுவோம். எங்கள் கடிதம் வந்தால் பெயின்ட் டப்பாவைத் திறப்பது அவர்களுக்குக் கையோடு வந்த பழக்கமாகிவிட்டது.

“மூடிடலாமா?” என்றார் மேலதிகாரி.

“ஒரு நிமிஷம், சார்.”

என் மேஜைக்குப் போய் விதிப் புத்தகத்தை எடுத்துவந்தேன். ஆசையாகப் படிக்கிற புத்தகம் இல்லை. இரண்டு நாளாக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டாம் விதியை அவர் முன்னால் விரித்து வைத்து வாசித்தேன். டேங்கின் பதிவான முழு உயரம் பத்து மில்லிமீட்டருக்கு மேல் மாறியதாக உரிமையாளரே எழுத்தில் தெரிவித்தால், அந்தக் கடிதம் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த தேதியிலிருந்து டேங்கின் சான்று காலாவதி. காலி செய்து, திறந்து, அடித்தகட்டைச் சோதிக்கும்வரை பயன்படுத்தக் கூடாது. அவகாசம் கிடையாது.

“யாரும் உத்தரவு போட வேண்டியதில்ல, சார். அவங்களே எழுதியிருக்காங்க. அவங்களே படம் எடுத்து அனுப்பியிருக்காங்க. தபால் பிரிவுல காலையிலயே வரவு முத்திரை விழுந்துடுச்சு.”

அவர் முத்திரையைத் திருப்பிப் பார்த்தார். இருந்தது.

“பார்க்கலாம்,” என்றார்.

“பாக்கறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல, சார். சான்று செத்துப்போச்சு. செத்துப்போச்சுன்னு தகவல் சொல்றது மட்டும்தான் நம்ம வேலை. சொல்லாம விட்டு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, முத்திரைத் தேதியையும் உங்க பேரையும்தான் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பாங்க.”

அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட பயம் பெரிதாக இருந்ததால் கையெழுத்துப் போட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தன் பெயின்டால் கெட்டது. எங்கள் அலுவலகத்தில் யாரும் ஒன்றும் செய்யாமலேயே கெட்ட காரியங்கள் நடப்பதைப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். அப்படி ஒரு நல்ல காரியம் நடந்தது அதுதான் முதல் முறை.

விசாரணைக்கு உதவிக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று கடிதத்தில் இருந்தது. அண்ணன் என்னை அழைத்துப் போனார். நான் அன்று விடுப்பு. அலுவலக அட்டையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, தங்கையாக மட்டும் போனேன். அண்ணியும் கிளம்பி வந்து வாசலில் காவலாளியின் அறைக்கு வெளியே உட்கார்ந்துகொண்டார். உள்ளே விடமாட்டோம் என்றார்கள். அவர் நகரமாட்டேன் என்றார்.

மேலாளர் அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. மேஜையின் மேல் டிப் நோட்டுகள். நான் ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். அதை வைத்தேன். எங்கள் அலுவலகத் தகவல் கடிதம் அவருக்கு முந்தின நாளே வந்திருந்தது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“ஆறு வருஷமா பொய்யா எழுதியிருக்கீங்க,” என்றார் அண்ணனிடம்.

“ஆமா சார்.” அண்ணன் நேராக நிமிர்ந்து உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். “பலகையில இருந்ததை எழுதினேன். நீங்க எழுதச் சொன்னீங்க. எழுதினது என் தப்பு. டீசல் எடுத்தது நான் இல்ல.”

“நான் சொன்னதுக்கு ஆதாரம்?”

“இல்ல சார். புது டேப் கேட்டு நான் எழுதின சீட்டு ஸ்டோர்ல இருக்கும். ‘முழு உயரம் கூட வருது, அதனால வேணும்’னு காரணம் எழுதியிருக்கேன். கீழ உங்க கையெழுத்து.”

எனக்கே அது புதுச் செய்தி. மேலாளர் நோட்டை மூடினார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். அவகாச மனுவின் நகல்.

“இவ்வளவு நியாயம் பேசறீங்களே, மேடம். இந்த டேங்குக்கு அவகாசம் கொடுத்தது உங்க ஆபீஸ்தானே? இந்தச் சுருக்கொப்பம் யாரோடது?”

அண்ணன் குனிந்து பார்த்தார். என் சின்ன வயது நோட்டுகளுக்கு அட்டை போட்டுக் கொடுத்தவர் அவர். என் எழுத்து அவருக்குத் தெரியும்.

“என்னோடதுதான்,” என்றேன். “பாக்காம போட்டேன். அது என் தப்பு. அதை எழுத்துல என் ஆபீசுக்கு நேத்தே கொடுத்துட்டேன். நீங்களும் உங்களோடதை எழுத்துல கொடுங்க.”

அவர் கொடுக்கவில்லை. விசாரணை தள்ளிவைக்கப்பட்டது. வாசலில் அண்ணி எழுந்து நின்று, “என்ன ஆச்சு?” என்றார். அண்ணன் சொன்னார். முழுவதும் சொன்னார், சுருக்கொப்பம் உட்பட. அண்ணி என்னைப் பார்த்தார். விரலிடுக்கைச் சொறிந்துகொண்டே பார்த்தார். அப்புறம் முன்னால் நடந்து போய்விட்டார்.

டேங்கை இறைத்து, கழுவி, காற்று விட்டுத் திறக்கப் பதினெட்டு நாள் ஆனது. அந்தப் பதினெட்டு நாளும் அண்ணி என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் மாடிப்படியில் மூடி வைக்கப்பட்டிருக்கும். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த வாயை நம்பி வாழ்ந்தவளுக்கு அதன் மௌனம் தாங்கவில்லை.

அடித்தகட்டில் இரண்டு தகடுகள் சேருமிடத்தில் ஒரு முழ நீளத்துக்குப் பிளந்திருந்தது. கீழே மண் டீசலில் சொதசொதவென்று ஊறியிருந்தது. அண்ணனின் திருட்டுக் குற்றச்சாட்டு ‘கைவிடப்படுகிறது’ என்று ஒரு வரி வந்தது. மன்னிப்பு என்ற சொல் அந்த வரியில் இல்லை, அதற்கு இடம் போதவில்லை போலிருக்கிறது. தவறான எண் எழுதியதற்கு ஒரு எச்சரிக்கை. அவர் மறுநாள் வேலைக்குப் போனார். எனக்கும் ஒரு குறிப்பாணை வந்தது, அது நியாயம். மேலாளருக்கு என்ன வந்தது என்று விசாரித்தேன். பெரிய அலுவலகத்துக்கு மாற்றல், கூடவே ஒரு படி உயர்வு.

கிணற்றைப் பற்றி எந்தக் காகிதத்திலும் ஒரு வரியும் இல்லை. சுவருக்கு உள்ளே இருப்பதுதான் எங்கள் வரம்பு, சுவருக்கு வெளியே வேறு துறை என்றார் மேலதிகாரி. டீசலுக்கு அந்த வரம்பு தெரியாமல் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்துக் காலை பதினொரு மணிக்குத் தபால் பிரிவில் சத்தம் கேட்டது. குமாஸ்தாவின் குரல்: “பக்கெட்டெல்லாம் வாங்க மாட்டோம்மா. மனுவை மட்டும் கொடுங்க.”

எழுந்து போனேன். அண்ணி கவுன்டரின் மேல் நீலப் பக்கெட்டை வைத்திருந்தார், முக்கால்வாசி தண்ணீரோடு. அதைப் பேருந்தில் சுமந்து வந்திருக்கிறார். புடவையில் பாதி நனைந்து, அறை முழுக்க டீசல் வாடை. பக்கத்தில் ஒரு தாளில் அவர் கையெழுத்தில் மனு. எங்கள் தெருவில் பதினோரு வீட்டார் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும், “வணக்கம் மேடம்,” என்றார்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

“இங்க ஒரு வழக்கம் இருக்காமே. முப்பது நாள் பதில் சொல்லலைன்னா எல்லாம் சரின்னு ஆயிடுமாம். அதைக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். இந்தத் தண்ணி முப்பது நாள்ல சரின்னு ஆயிடுமா?”

குமாஸ்தா என்னைப் பார்த்தார். நான் கவுன்டருக்குள் போய் முத்திரையை எடுத்து மனுவின் மேல் குத்தினேன். தேதி போட்டேன். ஓரத்தில் சுருக்கொப்பம் போடப் போன கையை நிறுத்தி, முழுப் பெயரையும் எழுதினேன்.

“ஆகாது,” என்றேன்.

அண்ணி தலையாட்டினார். ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பினார். இந்த முறை வீட்டுக் குரல்.

“சாயங்காலம் வரும்போது பக்கெட்டை எடுத்துட்டு வந்துடு. வீட்டுல வேற பக்கெட் இல்ல.”

பக்கெட்டைத் தூக்கிக்கொண்டுபோய் அலமாரியில் வைக்காமல் என் மேஜையில் வைத்தேன். தண்ணீர் தளும்பிக் கோப்புகள் நனைந்தன. நனையட்டும் என்று விட்டுவிட்டு, சுவருக்கு வெளியே யார் வரம்பு என்று கேட்டு வேறு துறைக்கு எழுதவேண்டிய கடிதத்தை எடுத்தேன். பதில் இல்லாமல் அந்தப் பக்கெட்டை அண்ணி முன்னால் கொண்டுபோய் வைக்க என்னால் முடியாது. ஐந்தரை மணிக்குள் எழுதி முடிக்க வேண்டும்.